பாசல் நகரத்து ஏடும் பரண் மேல் பெட்டியும்

கி.பி. 1542ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஒப்போரீனஸ் என்னும் அச்சகத்தார் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் எவரையும் ஏமாற்றவில்லை. கலகம் எதுவும் விளைக்கவுமில்லை. திருக்குர்ஆனின் இலத்தீன் மொழியாக்கத்தை அச்சேற்ற முற்பட்டார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். கிறித்தவ நகரொன்றில் இப்படியொரு நூல் அச்சாவது தகுமா என்று நகர மன்றத்தார் கூடிக் கூடி வாதிட்டனர். கிறித்தவச் சீர்திருத்த இயக்கத்தின் தலைவரான மார்ட்டின் லூதரே குறுக்கிட்டு, நூல் வெளிவரட்டும் என்று எழுதினார். நகரின் பெயரும் அச்சகத்தாரின் பெயரும் நூலில் இடம்பெறலாகாது என்னும் நிபந்தனையோடு 1543இல் அது வெளிவந்தது. பதிப்பித்தவர் தியோடர் பிப்ளியாண்டர்.

லூதர் இஸ்லாத்தின்மீது அன்பு கொண்டு அவ்வாறு எழுதினார் என்று நாம் மகிழ்ந்துவிட வேண்டா. அந்நூலை மக்கள் தம் கண்ணாற் கண்டால் தாமே அதனை வெறுத்தொதுக்குவர் என்பது அவருடைய கணிப்பு. மொழியாக்கமும் அத்தகைய நோக்கத்தோடு பிறந்ததுதான். குளூனி என்னும் பிரெஞ்சு மடத்தின் தலைவரான பீட்டர், ஸ்பெயின் நாட்டுக்குச் சென்று, அங்கே அரபி கற்றிருந்த சிலருக்குப் பொருள் கொடுத்துச் செய்வித்த பணி அது. கெட்டன் ஊர் ராபர்ட் என்பவர் 1143இல் அதனை முடித்தார். முஸ்லிம்களை அவர்தம் நூல்களைக் கொண்டே மறுக்க வேண்டும் என்பதே மடத்தலைவரின் எண்ணம். நானூறு ஆண்டுக் காலம் கையெழுத்துப் படியாகக் கிடந்த அந்த மொழியாக்கமே பாசல் நகரில் அச்சு வாகனம் ஏறியது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரனாகிய நான் இவ்வளவு தொலைவு சென்று இக்கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த 1543ஆம் ஆண்டு நூலில் திருக்குர்ஆன் மொழியாக்கத்தோடு வேறு சில சிறு நூல்களும் சேர்த்துக் கட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, கரிந்தியா நாட்டு ஹெர்மன் என்பவர் அதே குளூனி மடத்தலைவருக்காக இலத்தீனில் பெயர்த்தது. யூத மத அறிஞரான அப்துல்லா இப்னு சலாம் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேள்விமேல் கேள்வியாகக் கேட்பதும், விடைகளைக் கேட்டு உளம் ஒப்பி இஸ்லாத்தைத் தழுவுவதுமே அதன் பொருள்.

இப்போது நம் வாசக நேயர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். ஆம், நம் ஆயிர மசலாவேதான்!

வண்ணப் பரிமளப் புலவர் அதே வினாவிடைக் கதையைத் தமிழ்ப் பாக்களால் யாத்து 1572இல் மதுரையில் அரங்கேற்றினார். முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டது அதுவே என்பர். பாசல் நகரத்து அச்சுக்கும் மதுரை அரங்கேற்றத்துக்கும் இடையே இருபத்தொன்பது ஆண்டுகளே. ஒரே அரபு ஊற்றிலிருந்து புறப்பட்ட இரு கால்வாய்களுள் ஒன்று மறுப்பவர் கைக்குப் போயிற்று. மற்றொன்று நம்பியவர் நாவுக்கு வந்தது. பாரசீகத்திலும் மலாயிலும் சாவகத்திலும் இக்கதை வெவ்வேறு உருவில் வழங்கியது என்பதையும் ஈண்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஆலிம் பெருமக்கள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அப்துல்லா இப்னு சலாம் (ரலி) அவர்கள் நபிகளாரிடம் மூன்று கேள்விகள் கேட்டு இஸ்லாத்தில் இணைந்த வரலாறே புகாரியில் உள்ளது. மூன்று ஆயிரமானது கதை சொல்லிகளின் கைவண்ணம். மறுப்பதற்கில்லை. மார்க்கச் சட்டத்துக்கு ஆயிர மசலாவை ஆதாரமாக எவரும் கொள்ளப் போவதில்லை. ஆயினும் நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் தமிழில் எதனை நினைத்தனர், எதனைக் கேட்டனர், எதற்கு அஞ்சினர் என்று அறிய விரும்புவோர்க்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

என் நன்னி எழுதப் படிக்கத் தெரிந்தவர். தமிழ் எழுத்தில் அன்று, அரபுத் தமிழில். மஃரிபுக்குப் பின் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு, ஒன்று எது, இரண்டு எது என்று எண்களை அடுக்கிக் கேள்வி கேட்பார். ‘இரண்டாவது இல்லாத ஒன்று எது?’ என்றால் ‘அல்லாஹ்’ என்று நாங்கள் ஒரே குரலில் கூவ வேண்டும். அதன்பின் கேள்விகள் கடினமாகும். எங்கள் குரல் மங்கும். பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டைப் போல் இதுவும் ஏதோ நன்னி தாமே இட்டுக்கட்டியது என்றுதான் எண்ணியிருந்தேன். இத்தகைய எண் கேள்விகள் அந்தப் பழைய அரபு வினாவிடை மரபைச் சேர்ந்தவை என்பதையும், அம்மரபு இலத்தீன் உடுத்தி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் அரிய நூற் பகுதிகளில் வீற்றிருக்கிறது என்பதையும் நடுத்தர வயதில் படித்து அறிந்தபோது, அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

அங்கே அந்நூல்களுக்குக் கிடைக்கும் உபசாரத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். வெப்பமும் ஈரமும் அளந்து வைத்த அறை. மை எழுதுகோல் கொண்டு உள்ளே செல்ல இயலாது, பென்சில் மட்டுமே. நூலின் முதுகு முறியாதிருக்க மெத்தைபோல் ஒரு தாங்கி. நம் ரைகால் பலகை செய்யும் வேலையை அங்கே அந்தத் தாங்கி செய்கிறது. 1501க்கு முன் அச்சான நூல்களைத் ‘தொட்டில்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அழைக்கின்றனர். அச்சுக்கலையின் தொட்டிற் பருவத்துப் பிள்ளைகளாம். அத்தொட்டிலில் நம்மவர் பிள்ளையும் கிடந்தது. இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலான ‘கானூன்’ இலத்தீனில் 1501க்கு முன்பே பலமுறை அச்சாகிவிட்டது. 1593இல் ரோமாபுரியில் அரபு எழுத்திலேயே அச்சானது. இப்னுல் ஹைதமின் ஒளியியல் நூல் இலத்தீனில் பாசலில் வெளிவந்த ஆண்டு 1572. ஆயிர மசலா மதுரையில் அரங்கேறிய அதே ஆண்டு!

அவ்வளவு பழைய நூல்கள் இன்னும் மடிக்கத் தாங்குகின்றன. என் நன்னியின் கிதாபுகளோ தொட்டால் உதிர்கின்றன. இதன் காரணம் பக்தியிலோ பராமரிப்பிலோ மட்டும் இல்லை, காகிதத்திலும் இருக்கிறது. அக்கால ஐரோப்பியக் காகிதம் பழந்துணிக் கந்தலை ஊறவைத்து இடித்துக் கூழாக்கிச் செய்தது. அந்தக் கலையை ஐரோப்பாவுக்குக் கொடுத்தவர்கள் முஸ்லிம்கள். எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்திலும் பக்தாதிலும் காகிதம் செய்தனர். ஸ்பெயின் வழியே அது மேற்கே பரவியது. நம் ஊர் அச்சகத்தில் ‘ஒரு ரீம் காகிதம்’ என்கிறோமே, அந்த ரீம் ‘ரிஸ்மா’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆங்கிலம் வரை போய்த் திரும்பி நம்மிடம் வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழால் மலிவுக் காகிதம் செய்யத் தொடங்கினர். அதனுள்ளேயே அமிலம் இருக்கிறது. கரையானும் ராமபாணப் பூச்சியும் தீண்டாவிட்டாலும் அது தானே பழுத்து, பொடிந்து போகும். நம் சமுதாயத்தின் கிதாபுகள் மிகுதியாக அச்சான காலம் அந்த மலிவுக் காகிதத்தின் காலமாகவே அமைந்துவிட்டது.

அச்சேறிவிட்டால் நூல் அழியாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு எதிராக இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது வெனிஸ் நகரத்துச் செய்தி. 1537, 1538 அளவில் பகனீனி என்னும் தந்தையும் மகனும் திருக்குர்ஆனை அரபு எழுத்தில் முழுமையாக அச்சிட்டனர். உலகில் அவ்வாறு அச்சான முதற் குர்ஆன் அது. எழுத்துகளில் பிழை மலிந்திருந்தது. ‘தால்’ எழுத்துக்கும் ‘ஃதால்’ எழுத்துக்கும் வேறுபாடு காட்டும் புள்ளிகூட இல்லை. அத்தகைய மறையை எந்த முஸ்லிம் விலை கொடுத்து வாங்குவார்? அச்சிட்ட படிகள் அனைத்தும் மறைந்தன. போப்பாண்டவர் ஆணைப்படி எரிக்கப்பட்டன என்று கதை கட்டினர். அப்படியொரு பதிப்பு இருந்ததே பொய் என்றும் சிலர் சொன்னார்கள். 1980களில் ஆஞ்செலா நுவோவோ என்னும் இத்தாலியப் பெண் அறிஞர் வெனிஸிலேயே பிரான்சிஸ்கன் துறவியர் மடத்து நூலகம் ஒன்றில் ஒரே ஒரு படியைக் கண்டெடுத்தார். ஒரு பதிப்பில் எஞ்சியது ஒற்றைப் படி!

இரண்டாவது நம் கடற்கரைச் செய்தி. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்திலேயே அச்சான முதல் நூல் அது; பதினாறே பக்கம். ஆக்கியவர் அண்டிரிக்கு அடிகளார் எனப்பட்ட போர்த்துகீசியப் பாதிரியார் அன்றீக் அன்றீக்கஸ். முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காக அச்சான நூல் அது. அந்த மக்களின் குடிசைகளில், உப்புக்காற்றில், நாள்தோறும் புரட்டிப் புரட்டி ஓதிய படிகளில் ஒன்றுகூட இம்மண்ணில் இல்லை. இன்று அறியப்படும் ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1580இல் அச்சான அவருடைய மற்றொரு தமிழ் நூல் காணாமற் போய்விட்டது என்றே நெடுங்காலம் கருதினர். அது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூலகத்தில் இருப்பதை கிரகாம் ஷா என்னும் நூலகர் 1982இல் எழுதி வெளிப்படுத்தினார். அங்கே அதனை வாசித்துப் பொருள் அறியத்தக்கவர் அரியராய் இருந்ததே அது பிழைத்ததற்குக் காரணமோ என்று எனக்கு ஓர் எண்ணம். ஓதுவோர் கையில் நூல் தேய்கிறது. ஓதாதோர் அலமாரியில் நூல் வாழ்கிறது. இது நூலுக்குப் பெருமையா சிறுமையா என்று என்னால் முடிவு கட்ட இயலவில்லை.

நம் சமுதாயத்துக்கு வருவோம். அச்சுக்கு நாம் பிந்தி வந்தவர்கள் அல்லர். செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றினார், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த 1887க்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் முந்தியது அது. அரபுத் தமிழுக்கோ கல்லச்சு வரப்பிரசாதமாக வாய்த்தது. அரபு எழுத்துக்குப் புள்ளி கூட்டித் தமிழ் ஒலிகளைக் குறிக்கும் அந்த முறைக்கு ஈய எழுத்து வார்ப்பது தொல்லை. கல்லச்சிலோ கையெழுத்தே அப்படியே அச்சாகும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ஹதிய்யா மாலை முதலானவை அவ்வெழுத்தில் வீடுதோறும் புகுந்தன. பெண்கள் ஓதினர். மணப்பெண்ணுக்குச் சீதனப் பெட்டியில் வைத்து அனுப்பினர். மலாயாவுக்கும் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் கப்பலேறியவர்கள் உடன் கொண்டு சென்றனர்.

அப்படிப்பட்ட பெட்டி ஒன்று எங்கள் குடும்ப வீட்டுப் பரணிலும் இருந்தது. அறந்தாங்கிக்குக் கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள ஊர் எங்களது. நன்னி மவுத்தான பின் பெட்டியைத் திறப்பாரில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டை விற்பது என்று உடன்பிறந்தார் எல்லாரும் கூடி முடிவு செய்தபோது பரணைக் காலி செய்தோம். உள்ளே முப்பத்தொரு கிதாபுகள்; அட்டையுள்ளவை ஒன்பது. ஒன்றில் என் நன்னா பினாங்கில் வாங்கியதாகத் தம் கையால் எழுதியிருந்தார்.

“அரபு எழுத்து, மச்சான். காலில் மிதிபட்டால் பாவம். கடலில் விட்டுவிடலாம்” என்றார் என் மைத்துனர். அவர் மரியாதை தெரியாதவர் அல்லர். மரியாதையினால்தான் அப்படிச் சொன்னார். பழுதுற்ற திருமறை ஏடுகளை மிதிபடாத இடத்தில் புதைப்பதும் ஆழ்ந்த நீரில் சேர்ப்பதும் நம்மிடையே வழிவழி வந்த வழக்கம். அவ்வழக்கத்துக்கு மாறாக நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. பெட்டியில் இருந்த மூன்று உதிர்ந்த முஸ்ஹபுகளை அவரே எடுத்துச் சென்று முறைப்படி அடக்கினார். ஆனால் மாலையும் மசலாவும் முனாஜாத்தும் கிஸ்ஸாவும் அரபு எழுத்தில் இருப்பதனால் மட்டும் முஸ்ஹபு ஆகிவிடா. அவை தமிழ். முஸ்ஹபு ஒன்றை அடக்கினால் இறைமறை குறைவதில்லை. அது கோடிக்கணக்கான உள்ளங்களில் இருக்கிறது. கல்லச்சுக் கிதாபு ஒன்றை அடக்கினால், அது ஒருவேளை அதன் கடைசிப் படியாக இருக்கலாம். எத்தனை ஊர்களில் எத்தனைப் பெட்டிகள் இப்படிக் கடலுக்கும் கண்மாய்க்கும் போயினவோ! குளூனி மடத்தவர் நம் மார்க்கத்தை மறுப்பதற்காகத் தேடிய ஏட்டைக் காத்துவிட்டனர். நாம் நேசித்த ஏட்டை நேசத்தின் பேராலேயே நீருக்குக் கொடுத்து வருகிறோம். மைத்துனரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் முழுவதும் உடன்படவில்லை. எனினும் பெட்டியை என் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வண்டி பிடித்துக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் பல்கலைக்கழகமும் பெருஞ்செல்வமும் வேண்டும் என்பார் உண்டு. எங்கள் மாவட்டத் தலைநகரிலேயே அதற்கு விடை இருக்கிறது. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகம் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி என்னும் ஆசிரியத் தம்பதியர் தம் சம்பாத்தியத்தைக் கொண்டு உருவாக்கியது. இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள். தமிழ் நூல்களின் முதற் பதிப்புகள் ஏராளம். நான் அங்கே போனபோது என்னை மலைக்க வைத்தது நூல்களின் தொகையைவிட, அவை ஒரு குடும்பத்தின் உழைப்பால் அங்கே அடுக்கப்பட்டிருந்தன என்பதே. சற்றுத் தெற்கே காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்னும் பெயர்ப்பலகை ஓவியர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை, 1992இல் அவர் மறைந்தபின் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக நிறுவச் செய்தது. தம்பிரான் வணக்கத்துக்குக் கிட்டாத நற்பேறு அது. ஆயிர மசலாவும் 1984இல் சென்னையில் மறுபதிப்புப் பெற்றுப் பிழைத்தது என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

பெட்டி என் வீட்டுக்கு வந்தபின் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வெயிலில் காய வைக்காமல் நிழலில் காற்றாட விட்டேன். மெல்லிய தூரிகையால் தூசு தட்டினேன். ஒட்டும் நாடா எதுவும் போடவில்லை; அதன் பசையே தாளைத் தின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். தஞ்சைச் சரசுவதி மகாலில் வசம்பும் கருஞ்சீரகமும் கிராம்பும் மிளகும் பட்டையும் இடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைப்பார்கள். அவ்வாறே பத்து முடிச்சுகள் கட்டி வைத்தேன். பிறகு ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு கிதாபின் பெயரும், அச்சான ஊரும், ஹிஜ்ரி ஆண்டும், எழுதுவித்தவர் பெயரும் இருந்தவரையில் குறித்தேன். ஐரோப்பிய நூலகத்தார் முதலிற் செய்யும் வேலையும் இதுவேதான். நூலின் கடைசிப் பக்கத்தை அவர்கள் முதற் பக்கத்தைவிடக் கூர்ந்து பார்ப்பார்கள். தம்பிரான் வணக்கத்தின் எழுத்துகள் கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் வார்க்கப்பட்டவை என்னும் செய்தியே கடைசிப் பக்கத்தில்தான் கிடைக்கிறது.

குறிப்பேட்டை எழுதும்போதுதான் வேறொரு தடை எதிர்ப்பட்டது. தலைப்புகளைத் தாண்டி என்னால் வேகமாக வாசிக்க முடியவில்லை. எங்கள் தலைமுறையில் ஆண்பிள்ளைகள் குர்ஆன் ஓதினோம், பள்ளிக்கூடம் போனோம். அரபுத் தமிழ் பெண்களோடு நின்றுவிட்டது. குடும்பத்தில் அதனைத் தடையின்றி வாசிப்பவர் இன்று பெரியம்மா ஒருவரே. எண்பத்து மூன்று வயது. “இந்தக் கிழவியைக் கூப்பிட உனக்கு இப்பத்தான் வேளை வந்துச்சாக்கும், தம்பி” என்று சொல்லிக்கொண்டேதான் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் இரண்டு பக்கம் என்று கணக்கு. அவர் வாசிக்க, என் மகள் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டே தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுகிறாள். முதலில் எடுத்துக்கொண்டது நூறு மசலா. இதுவரை இருபத்திரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. பதினேழாம் பக்கத்தின் கீழ்ப்பாதியைச் செல் அரித்துவிட்டது; நான்கு வரிகள் இல்லை. மகள் எழுதுகோலை நிறுத்தினாள். பெரியம்மா நிறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அந்த நான்கு வரிகளையும் மனப்பாடமாகவே சொல்லிக்கொண்டு போய், அடுத்த பக்கம் வந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார்.